“நெகட்டிவ்” என்று வந்த பிறகும் இன்னொரு மரபணுப் பரிசோதனை எதற்கு?

சகோதரி, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். மற்றவர்களுக்கும் புரியும்படி அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செந்தூலில் இருக்கிறீர்கள், மகளுக்கு மூன்று வயது. ஐந்தாம் மாதத் தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வந்து, வலது கையும் காலும் மட்டும் அரை மணி நேரம் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. அதற்குப் பிறகு காய்ச்சல் வரும்போதெல்லாம் வலிப்பு, ஒரு தடவை வலப்பக்கம், அடுத்த தடவை இடப்பக்கம். இப்போது காய்ச்சல் இல்லாமலும் வருகிறது, சுடுதண்ணீரில் குளிப்பாட்டினாலும் வருகிறது. எபிலிம் என்ற வலிப்பு மருந்து மட்டும் போதவில்லை என்று ஏழு மாதத்துக்கு முன் கார்பமாசெபைன் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள், அதற்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து “மரபணு நெகட்டிவ்” என்றார்கள். மருந்து சேர்த்த பிறகு மாதம் இரண்டாக இருந்த வலிப்பு வாரம் இரண்டாகிவிட்டது. இப்போது பார்க்கும் சிறப்பு மருத்துவர் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும் இன்னொரு மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார். ஏற்கெனவே ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே, இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் வலிப்பு இல்லையே, அப்புறம் எதற்கு இது என்பது உங்கள் கேள்வி. கடைசியில் ஒரே ஒரு வரியில், “உன் பக்கத்து ரத்தம்தான்” என்று மாமியார் சொல்வதையும் அடுத்த குழந்தையைப் பற்றிய பயத்தையும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் கோலாலம்பூரில் பதினைந்து வருடமாக மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். குடும்பங்களோடு உட்கார்ந்து, யாருக்கு என்ன நோய் என்று மூன்று தலைமுறை வரை கேட்டு எழுதி, எந்தப் பரிசோதனை தேவை, முடிவு வந்தால் அதற்கு என்ன பொருள் என்று விளக்குவதுதான் என் வேலை. மருந்து எழுதுவது என் வேலை இல்லை, உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை, அதனால் அவளுக்கு என்ன நோய் என்று இங்கே நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒன்றை மட்டும் கடைசி வரை வைத்திருக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். கார்பமாசெபைன் சேர்த்த பிறகு வலிப்பு கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நாளைக்கே போன் செய்து மருத்துவரிடம் சொல்லுங்கள், அடுத்த அப்பாயின்மெண்ட் வரை வைத்திருக்க வேண்டாம். நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். “இதைச் சேர்த்த பிறகு அதிகமாகியிருக்கிறது, தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன்” என்று சொன்னாலே போதும், அவருக்குப் புரியும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த “நெகட்டிவ்”. உங்கள் மகளுக்கு முன்பு எடுத்தது வலிப்புக்குக் காரணம் தேடும் பரிசோதனையே இல்லை. கார்பமாசெபைன் உங்கள் மகளின் தோலுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்கும் பரிசோதனை அது. எச்எல்ஏ-பி*15:02 என்று ஒரு மரபணு வகை இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்டது, வலிப்போடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. அந்த வகை உடம்பில் உள்ள சிலருக்குக் கார்பமாசெபைன் கொடுத்தால் வாய், கண், தோல் எல்லாம் வெந்து உரிந்து போகிற ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கொடுமையான ஒவ்வாமை வரும். இந்த இரண்டு பரிசோதனைகளையும் நம் ஊரில் “ஜீன் டெஸ்ட்” என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது, என் அறைக்கு வருகிறவர்களில் பலருக்கு இதே குழப்பம் இருக்கிறது.

இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசினால் எனக்குப் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சின்ன மாமா ஞாபகம்தான் வரும். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு வலிப்பு. 1996ல் அவருக்குக் கார்பமாசெபைன் ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் கண் சிவந்தது, அப்புறம் உதடு புண்ணாகி காப்பி குடிக்க முடியவில்லை, மார்பிலும் முதுகிலும் கொப்புளம். பாட்டி அதைப் பார்த்து “அம்மை போட்டிருக்கு” என்று சொல்லி, வாசலில் வேப்பிலை கட்டி, மருந்து மாத்திரை எதுவும் கூடாது, ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது என்று இரண்டு நாள் பாயில் படுக்க வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது முதுகுத் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அப்போது படிவம் மூன்று, கதவோரம் நின்று பார்த்தேன். மாமா பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்றைக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணில் சொட்டு மருந்து விடாமல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது, யாருக்கும் காரணம் தெரியாது. தெரிந்தது 2004ல்தான். தைவானில், இந்த மருந்தால் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 இருந்தது. அதே மருந்தை ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே இருந்தது. மரபியலில் இவ்வளவு துல்லியமான விடை கிடைப்பது அபூர்வம். 2007 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்து கொடுக்கும் முன் சோதிக்க வேண்டும் என்று எச்சரிக்கை சேர்த்தது.

அந்த எச்சரிக்கையிலேயே மலேசியாவின் பெயர் இருக்கிறது. இங்கே 15 விழுக்காட்டுக்கும் அதிகமானவர்களிடம் இந்த வகை இருப்பதாகவும், இந்தியர்களிடம் சராசரி 2 முதல் 4 விழுக்காடு, சில பிரிவினரிடம் அதைவிட அதிகம் என்றும் அது சொல்கிறது. அதாவது நம்மவர்களுக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லை என்று ஆகிவிடாது. நம் குடும்பங்களில் கலப்பும் உண்டு, பாட்டி வழியில் சீன வம்சம் இருப்பதே பலருக்குக் குடும்ப மரம் வரையும்போதுதான் ஞாபகம் வரும். இந்தப் பரிசோதனையில் நெகட்டிவ் என்றால் அந்தப் பெரிய ஆபத்து வெகுவாகக் குறைந்தது என்று மட்டும் பொருள். வேறு வகைத் தடிப்பு வரவே வராது என்று அர்த்தம் இல்லை, எச்எல்ஏ-ஏ*31:01 என்ற இன்னொரு வகையும் இந்த மருந்துத் தடிப்போடு தொடர்புடையது. கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் சில மாதத்துக்குள் வந்துவிடும், உங்கள் மகள் ஏழு மாதம் தாண்டிவிட்டாள், அந்தக் கவலையை நீங்கள் ஓரளவு இறக்கி வைக்கலாம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. புது வலிப்பு மருந்து ஆரம்பித்த முதல் மாதங்களில் கண் சிவந்து, வாய் புண்ணாகி, தோல் கொப்புளித்தால் அதை அம்மை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, இரண்டாவது பரிசோதனைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவர் கேட்டால் அவர் மனதில் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று டிராவே சிண்ட்ரோம். முதல் வயதுக்குள் ஆரம்பம், காய்ச்சலோடு நீண்ட வலிப்பு, பக்கம் மாறி மாறி இழுப்பது, சுடுதண்ணீரிலும் வருவது, எல்லாம் அந்தப் படத்துக்குப் பொருந்துகிறது. உங்கள் மகளுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, இதைப் பார்த்துத்தான் மருத்துவர் மரபணுவைக் கேட்கிறார் என்று ஊகிக்கிறேன். 1978ல் ஷார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். 2001ல் பெல்ஜியத்தில் ஏழு குழந்தைகளைச் சோதித்ததில் ஏழு பேருக்கும் எஸ்சிஎன்1ஏ என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருந்தது. இன்றைக்கு டிராவே என்று உறுதியானவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அந்த மரபணுதான் காரணம் என்று தெரியும்.

அந்த மரபணு செய்வது நரம்புச் செல்லில் சோடியம் உள்ளே போகிற ஒரு வாசல். மூளையில் கிளப்பி விடுகிற செல்களும் உண்டு, அடக்கி வைக்கிற செல்களும் உண்டு. இந்த வாசல் அதிகம் தேவைப்படுவது அடக்குகிற செல்களுக்கு. வாசல் பாதி வேலை செய்யாவிட்டால் அடக்குகிற செல் தளர்ந்து, பிரேக் பிடிக்காத பஸ் மாதிரி மூளை ஓடும். கார்பமாசெபைன், லாமோட்ரிஜின், ஃபெனிடோயின் எல்லாம் சோடியம் வாசலை அடைக்கிற மருந்துகள். மற்ற பல வலிப்புகளில் இவை உயிர் காக்கும் நல்ல மருந்துகள். ஆனால் ஏற்கெனவே பாதி திறந்த வாசலையும் அடைத்தால் மிச்சமிருக்கிற பிரேக்கும் போய்விடும், வலிப்பு கூடும். அதனால்தான் மேலே அவ்வளவு அவசரப்பட்டேன். டிராவே என்று உறுதியானால் இந்த மருந்துகளை எடுத்துவிட்டு வால்ப்ரோயேட் (நீங்கள் கொடுக்கும் எபிலிம்தான்), குளோபசாம், தேவைப்பட்டால் ஸ்டிரிபென்டால் என்று வேறு வழியில் போவார்கள். 2020ல் ஃபென்ஃப்ளூரமைன் என்ற மருந்தையும் அமெரிக்காவில் இதற்கென்று அனுமதித்தார்கள். அதாவது நீங்கள் கட்டப்போகும் பணத்துக்கு, எந்த மருந்து ஆகாது என்பதற்கான உறுதியான பதில் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. என் கணக்கில் இந்தப் பரிசோதனையின் முதல் பயன் அதுதான். யார் பக்கத்து ரத்தம் என்ற ஆராய்ச்சி அதற்கு ரொம்பப் பின்னால்.

தடுப்பூசியைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் “ஊசி போட்ட அன்று ராத்திரி” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அன்று அழைத்துப் போனது நான்தானே என்று ஒரு தாய் நினைப்பது எனக்குத் தெரியும். தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மறுபடி சோதித்து 2006ல் வெளியிட்டார்கள், 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தது. ஊசியால் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வந்திருக்கலாம், அது இல்லாவிட்டால் அடுத்து வரும் சளிக் காய்ச்சலில் வந்திருக்கும். மிச்சமிருக்கும் ஊசிகளை நிறுத்தாதீர்கள். தட்டம்மைக் காய்ச்சல் இப்படிப்பட்ட குழந்தைக்கு ஊசிக் காய்ச்சலைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து. ஊசி போடும் நாளில் காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் என்ன மருந்து கையில் வைத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்சிஎன்1ஏ இல்லை என்று வந்தாலும் பரிசோதனை வீண் என்று ஆகாது. முதல் இரண்டு மூன்று வயதுக்குள் ஆரம்பிக்கும் வலிப்புகளில், காரணம் தெரிந்தால் வைத்தியமே மாறிப்போகிற சில நோய்கள் உண்டு. சர்க்கரையை மூளைக்குள் கொண்டுபோகும் குளுட்1 என்ற புரதம் குறைவாக இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் மூளை பட்டினி கிடக்கும். காலையில் பசியாறுவதற்கு முன் வலிப்பு வருவது அதன் ஒரு அடையாளம். அதற்கு முக்கியமான வைத்தியம் கீட்டோஜெனிக் உணவு, மூளைக்குச் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பிலிருந்து எரிபொருள். கிள்ளானில் ஒரு அம்மா எனக்குத் தெரியும், சமையல் மேசையில் எடை போடும் தராசு வைத்து, நெய்யும் முட்டையும் கிராம் கணக்கில் நிறுத்து மகனுக்கு ஊட்டுகிறார். வீட்டில் மற்றவர்கள் தோசை சாப்பிடும் நேரத்தில் அவனைப் பின்வாசலுக்கு அழைத்துப் போய்விடுவார், வாசனைக்கு அழுவானாம். கஷ்டம்தான், ஆனால் அந்தப் பையனுக்கு இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. இந்த உணவை யூடியூப் பார்த்து நீங்களாக ஆரம்பித்துவிட வேண்டாம். சில வளர்சிதை மாற்ற நோய்களில் இதே உணவு ஆபத்தாகிவிடும், மருத்துவரும் உணவியலாளரும் கூட இருக்க வேண்டும். அப்புறம் வைட்டமின் பி6 கொடுத்தால் அடங்குகிற ஒரு வகை உண்டு. அதற்கு மரபணு முடிவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவர்களே மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். மூளையிலும் மற்ற உறுப்புகளிலும் கட்டிகள் வரும் டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற மரபணு நோய் இருந்து சின்னக் குழந்தைக்கு முன்பக்கம் மடங்கி விழுகிற வலிப்பு வந்தால் விகாபாட்ரின் என்ற மருந்துக்கு நன்றாகக் கேட்கும். போல்ஜி என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் வால்ப்ரோயேட் கல்லீரலைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம், இது மிக அபூர்வம், ஆனாலும் எபிலிம் சாப்பிடும் குழந்தைக்கு அவ்வப்போது கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுப்பதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நன்றாக உறுதியானவை. எல்லா வலிப்புக்கும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பதின்ம வயதில், காலையில் எழுந்ததும் கை வெட்டி கையிலிருக்கும் கோப்பை பறந்து போகிற வகை வலிப்பில் மரபின் பங்கு பெரியதுதான், ஆனால் அது ஒரே மரபணுவால் வருவதில்லை. சின்னச் சின்னதாக எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்து வருவது, பரிசோதனையில் ஒரு பெயர் அகப்படுவது அரிது, அகப்படாவிட்டாலும் வைத்தியம் நன்றாகவே தெரியும். மரபணு தெரிந்தும் மருந்து கைகொடுக்காத கதைகளும் உண்டு. கேசிஎன்டி1 என்ற மரபணுவுக்குக் குயினிடின் என்ற பழைய இதய மருந்து ஆய்வுக்கூடத்தில் அருமையாக வேலை செய்தது, 2014ல் ஒரு குழந்தைக்குப் பலன் தந்ததாகச் செய்தி வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு அதிகம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்குப் பலன் இல்லை, சிலருக்கு இதயத் துடிப்பில் சிக்கல். மரபணுவையே சரிசெய்யும் சிகிச்சைகள் டிராவேக்கு ஆய்வில் இருக்கின்றன, நானும் நம்பிக்கையோடு படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் யாராவது அதை இப்போதே பணத்துக்குத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

பரிசோதனையின் முடிவு எப்படி வரும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது ஏமாற்றமாக இருக்கும். காரணம் தெரியாத வலிப்பில் எக்சோம் என்ற விரிவான பரிசோதனை எடுத்தால் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் தெளிவான விடை கிடைக்கிறது. உங்கள் மகளைப்போல் சின்ன வயதில், இவ்வளவு தெளிவான அடையாளங்களோடு ஆரம்பித்தவர்களுக்கு வாய்ப்பு அதைவிடக் கூடுதல். விடை மூன்று விதமாக வரலாம். காரணம் கிடைத்தது, ஒன்றும் கிடைக்கவில்லை, அல்லது ஒரு மாற்றம் இருக்கிறது ஆனால் அதற்குப் பொருள் தெரியவில்லை. மூன்றாவதுதான் குடும்பங்களை ரொம்ப வாட்டும். நான் அதை இப்படி விளக்குவேன். “கோயில்” என்பதைக் “கோவில்” என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. “பழம்” என்பதைப் “பலம்” என்று எழுதினால் பொருளே மாறிவிடும். நமக்குத் தமிழ் தெரியும் என்பதால் பார்த்தவுடன் பிரித்துவிடுகிறோம். மரபணு என்கிற மொழியில் நாம் இன்னும் பாலர் பள்ளி வகுப்புதான், எழுத்து மாறியிருப்பது தெரிகிறது, அது கோயிலா பழமா என்று பல இடங்களில் தெரியவில்லை. அப்படி வந்தால் அதை நோய்க்குக் காரணம் என்று வைத்து மருந்தை மாற்றக் கூடாது, ஒன்றுமில்லை என்று தூக்கியும் எறியக் கூடாது.

நம்மவர்களுக்கு இந்தத் “தெரியவில்லை” கொஞ்சம் அதிகமாகவே வரும். உலகத்தில் சேர்த்து வைத்திருக்கும் மரபணுத் தகவல்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சத்தினருடையது. தமிழர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒரு மாற்றம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், கணினி அதை அபூர்வம் என்று சொல்லும். அதனால்தான் மகளின் ரத்தத்தோடு உங்கள் ரத்தத்தையும் உங்கள் கணவர் ரத்தத்தையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள் என்கிறேன். மகளிடம் இருப்பது ஆரோக்கியமான அப்பாவிடமும் இருந்தால் அது பெரும்பாலும் தீங்கில்லாதது என்று ஒதுக்க உதவும், இருவரிடமும் இல்லாமல் அவளிடம் மட்டும் புதிதாக இருந்தால் அதுதான் காரணம் என்பதற்குப் பலமான சான்று. இன்றைக்குப் பொருள் தெரியாதது இரண்டு மூன்று வருடத்தில் தெரியவரலாம், அறிக்கையைப் பத்திரமாக வைத்து மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மாமியார் சொன்னது. மரபணுக் கோளாறு வேறு, பரம்பரை நோய் வேறு. நாம் எல்லோருமே அப்பா அம்மா யாரிடமும் இல்லாத 60, 70 புது எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறோம். பெரும்பாலும் அவை எங்கேயோ ஒன்றும் செய்யாத இடத்தில் விழும். ஒருவேளை முக்கியமான மரபணுவில் விழுந்தால் நோய் வரும். எஸ்சிஎன்1ஏ மாற்றத்தால் டிராவே வந்த குழந்தைகளில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்கு அது அப்படிப் புதிதாக வந்ததுதான். அம்மா பக்கத்திலும் இல்லை, அப்பா பக்கத்திலும் இல்லை. நீங்கள் கர்ப்பத்தில் சாப்பிட்டது, சாப்பிடாதது, அழுதது, கிரகணத்தன்று வெளியே போனது, எதற்கும் இதில் பங்கு இல்லை. மிச்சமுள்ள சிறு பங்கில் ஒரு பெற்றோரிடமிருந்து வந்திருக்கலாம், அவருக்குச் சின்ன வயதில் ஒன்றிரண்டு காய்ச்சல் வலிப்பு மட்டும் வந்து போயிருக்கும். அப்படி வந்தாலும் அது யாரும் தெரிந்து கொடுத்தது இல்லை.

நம் சமூகத்தில் இன்னொன்றையும் நான் எப்போதும் கேட்பேன், சொந்தத்தில் கல்யாணமா என்று. அக்கா மகளைக் கட்டக் கூடாது என்ற தடையிலிருந்து இந்துக்களுக்கு மட்டும் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலேயே இங்கே விலக்கு இருக்கிறது, தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது இல்லை. தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுக்களில் சுமார் நான்கில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள், மாமன் மகள் அத்தை மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு. இருவரும் ஒரே பிழையை மறைவாகச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. பதின்ம வயதில் தொடங்கி மெல்ல மெல்ல மோசமாகும் லஃபோரா போன்ற சில வலிப்பு நோய்கள் இப்படித்தான் வருகின்றன. நீங்கள் சொந்தத்தில் கட்டவில்லை என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு இது பெரிய கவலை இல்லை. ஆனாலும் மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த குழந்தைக்கு வருமா? பெற்றோரிடம் இல்லாத புது மாற்றம் என்று உறுதியானால் மறுபடி வரும் வாய்ப்பு பொதுவாகச் சுமார் 1 விழுக்காடு என்று சொல்லுவோம். அது ஏன் பூஜ்யம் இல்லை என்றால், சில சமயம் அப்பா அல்லது அம்மா உடம்பில் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் அந்த மாற்றம் ஒளிந்திருக்கும், சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியாது. 2018ல் வந்த ஓர் ஆய்வில், இப்படிப் புதிது என்று நினைத்த 120 குடும்பங்களை ஆழமாகத் தேடியபோது 10 குடும்பங்களில் அது பெற்றோரிடம் ஒளிந்திருந்தது. மரபணுவின் பெயர் கையில் இருந்தால்தான் கர்ப்பத்தில் 11ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ பார்க்க முடியும். பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? முடிவு வர வாரக் கணக்கில், சில இடங்களில் மாதக் கணக்கில் ஆகும் என்பதால், அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பவர்கள் கர்ப்பமாவதற்கு முன்பே எடுப்பது நல்லது. எடுத்த பிறகு என்ன முடிவு செய்வது என்பது முழுக்க உங்கள் இருவருடையது, அதில் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆகவே என்னைக் கேட்டால், உங்கள் மகள் விஷயத்தில் இது செலவழிக்க வேண்டிய பரிசோதனை. பணம் கட்டுவதற்கு முன், கோலாலம்பூர் மருத்துவமனை அல்லது மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மரபியல் கிளினிக்குக்குக் கடிதம் தர முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் செலவும் விளக்கமும் இரண்டுமே உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். அதுவரை சுடுதண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பும் குறைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் பத்துமலைக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவர் கொடுத்த அவசர மருந்து, உடனே ஆம்புலன்ஸ். அவசர மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்றால் நாளைக்குப் போன் செய்யும்போது அதையும் கேளுங்கள். முடிந்தால் யாராவது கைப்பேசியில் ஒரு வலிப்பையாவது படம் எடுக்கட்டும், நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அந்த அரை நிமிடப் படம் மருத்துவருக்கு உதவும்.

மரபியல் கிளினிக்குக்குப் போகும் நாளில் மாமியாரையும் அழைத்துப் போங்கள். இதைக் கட்டாயமாகச் சொல்கிறேன். போன வருடம் ஒரு குடும்பம் வந்தது, இதேபோல் பாட்டி மருமகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்துகொண்டே அவரிடம்தான் கேட்டேன், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், தவறிப்போனது உண்டா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மூத்தது ஒண்ணு, தோட்டத்துல, ஜன்னி கண்டு போயிருச்சு, பதினொரு மாசம்” என்றார். அவர் மகனுக்கே, அந்தக் குழந்தையின் அப்பாவுக்கே, அப்படி ஒரு அண்ணன் இருந்தது தெரியாது. அந்த ஜன்னிக்கும் பேத்தியின் வலிப்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று இன்றுவரை எங்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் நான் அந்தச் சின்னச் சதுரத்தை வரைந்து அதன்மேல் குறுக்குக் கோடு போட்டபோது, மருமகள் எழுந்து போய்ப் பாட்டி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.